சீசன் ஊசி

விதி இதுதான்: நிணநீர்ப் புற்றுநோய் என்று சந்தேகம் வந்துவிட்டால், பரிசோதனைக்குத் திசு எடுத்து முடிக்கும் வரை நோயாளிக்கு எந்த வடிவத்திலும் ஸ்டீராய்டு கொடுக்கக்கூடாது.

எல்லாப் பாடப்புத்தகங்களிலும் இது இருக்கிறது. கோவில்பட்டியில் நான் வேலை பார்த்த தோல்நோய்ப் பிரிவில் இதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, சட்டம் போட்டு, என் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருந்தேன். நோயாளிகள் அதைக் குடும்பநல விளம்பரம் என்று நினைத்தார்கள். பயிற்சிக்கு வந்த இளம் டாக்டர்கள் அதே ஆணியில் ஸ்டெதஸ்கோப்பைத் தொங்கவிட்டார்கள். விதி அதன் பாட்டுக்குச் சுவரில் இருந்தது.

தோல் மருத்துவத்துக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், நான் ஓய்வுபெற்ற பிறகும் விடாமல் கேட்டதால் இதை எழுதுகிறேன். வெற்றிக் கதைகள் வேண்டுமென்றால் மாநாடுகளுக்குப் போங்கள். அங்கே ‘முன்’ என்று ஒரு படம், ‘பின்’ என்று ஒரு படம், நடுவில் டாக்டரின் திறமை. என்னிடமும் அப்படி ஒரு பெட்டி நிறையப் படங்கள் உண்டு. இது ‘பின்’ படம் மிக நன்றாக இருந்ததால் கெட்டுப்போன கதை.

விதிக்கான காரணத்தை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். தீவிரமான நிணநீர்ப் புற்றுநோய்கள் சில உடம்புக்குள்ளே தொடங்கிப் பிறகு தோலுக்கு வரும். சில தோலிலேயே தொடங்கும். அதில் ஒன்று, வயதானவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, முழங்காலுக்குக் கீழே கட்டியாகக் கிளம்புவது. சிவப்பும் நீலமும் கலந்த நிறம், மினுமினுப்பான மேற்பரப்பு, வாரத்துக்கு வாரம் வளர்ச்சி. ஸ்டீராய்டு பட்டால் இந்தச் செல்களில் ஒரு பகுதி செத்துப்போகும், கட்டி கரையும், எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் நோய் போவதில்லை. அந்த நேரத்தில் திசுவை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால் சிதைவு தெரியும், நோய் தெரியாது. கொஞ்ச நாள் கழித்து அது திரும்பி வரும்போது ஒரு காலோடு நிற்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை.

எனக்குப் பாடம் சொன்ன பேராசிரியர் கடுமையானவர். பெயர் எழுதினால் கோபப்படுவார். “அரிக்குது, எரியுதுன்னு அழுதுகிட்டு வர்றவன் பிழைச்சுக்குவான். அரிக்காம வலிக்காம அவசரமா வளர்றதைக் கண்டாத்தான் நீ பயப்படணும்” என்பார். அந்தப் பயம் எனக்கு இருந்தது. அதனால் நான் இந்த நோயைக் கவனிக்கத் தவறினேன் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் நாளே சந்தேகப்பட்டேன்.

அவர் பெயரை ஞானக்கனி என்று வைத்துக்கொள்வோம். அறுபதைத் தாண்டியவர். பசுவந்தனைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில், வீட்டின் முன்பக்கத்தை இடித்து நீட்டி ஒரு தையல் யூனிட் வைத்திருந்தார். புதியம்புத்தூரிலிருந்து வெட்டிய துணி கட்டுக் கட்டாக வந்து இறங்கும். நைட்டியாகவும் பாவாடையாகவும் பள்ளிச் சீருடையாகவும் தைத்துத் திரும்பப் போகும். முதலாளி என்றாலும் அவரும் ஒரு மெஷினில் உட்கார்ந்து தைப்பவர். ஓர் ஆவணி மாதத்தில், யூனிட்டில் வேலை பார்க்கும் முத்துச்செல்வி என்ற பெண்ணோடு என்னிடம் வந்தார்.

வலது காலில் கெண்டைச் சதைக்கு மேல் மூன்று கட்டிகள். தொட்டுப் பார்த்தேன். உறுதியாக, ரப்பர் போல இருந்தன.

“எப்ப இருந்து இருக்கு?”

“எங்க சர்ச் அசன விருந்து முடிஞ்ச பொறவுதான் கண்ணுல பட்டுது, டாக்டரம்மா. பெடல் மெதிக்குத காலுல்லா? ரத்தங்கித்தம் கட்டியிருக்கும்.”

“அரிக்குதா?”

“அரிச்சா நானே சொறிஞ்சு முடிச்சிருப்பேனே. உங்ககிட்ட எதுக்கு வாரேன்?”

முத்துச்செல்விக்குப் பொறுக்கவில்லை. “கடகடன்னு வளருது டாக்டரம்மா. போன வாரம் கொட்டப்பாக்கு கணக்கா இருந்துச்சு. இப்ப பாருங்க, நாவப்பழம்.”

“நீ சும்மா கெட, ஏட்டி. எங்காலு என்ன பழக்கடையா?”

பிறகு நான் கேட்க வேண்டியதை எல்லாம் வரிசையாகக் கேட்டேன். காய்ச்சல், உடல் மெலிவு, இரவில் வியர்வை, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு. கடைசியாக, “வேற மருந்து, மாத்திரை ஏதாவது எடுத்தீங்களா? நாட்டு மருந்து, லேகியம், எதுவா இருந்தாலும் சொல்லுங்க.”

“ஒரு மருந்து கெடையாது. தலவலிச்சாக்கூட தைலந்தான்.”

முத்துச்செல்வி பக்கம் திரும்பினேன். அவளும் தலையாட்டினாள். இரண்டு பேருமே பொய் சொல்லத் தெரியாதவர்கள். அன்றும் அவர்கள் பொய் சொல்லவில்லை.

அன்றே திசு எடுத்தேன், ஆழமாக. மேல்தோலைச் சுரண்டி அனுப்பும் பழக்கம் உங்களில் யாருக்காவது இருந்தால் விட்டுவிடுங்கள். இந்த நோய் கீழே குடியிருப்பது. மரத்துப்போகும் ஊசி போட்டிருந்ததால் ஞானக்கனி எழுந்து உட்கார்ந்து, நான் தையல் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லாத்தான் தைக்கீங்க. ஆனா எடவெளி ஒண்ணுபோல விழல” என்றார்.

“நீங்க வந்து போடுங்களேன்.”

“எங்க கூலி உங்க கவர்மெண்டுக்குக் கட்டுப்படியாகாது.”

ஆய்வகக் குறிப்பு சீக்கிரமே வந்தது. சிதைந்த செல்கள், அங்கங்கே சில நிணநீர்ச் செல்கள், உறுதியாக எதுவும் சொல்ல இயலவில்லை, தேவைப்பட்டால் மீண்டும் திசு எடுக்கவும். ‘தேவைப்பட்டால்’ என்ற சொல்லை எங்கே பார்த்தாலும் நாற்காலியை விட்டு எழுந்து நில்லுங்கள். பொறுப்பை உங்கள் மேசைக்கு நகர்த்திவிட்டு ஒருவர் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று அதற்குப் பொருள்.

தையல் பிரிக்க ஞானக்கனி வந்தபோது கட்டிகள் பாதியாகச் சுருங்கியிருந்தன.

“பாத்தீங்களா? ஒண்ண வெட்டுனதும் மத்ததெல்லாம் பயந்து ஓடுது.”

என்னோடு இருந்த இளம் டாக்டர் முகம் மலர்ந்தான். “மேடம், சாதாரண அழற்சியாத்தான் இருந்திருக்கும். தானா அடங்குது.” எனக்கு அந்தச் சந்தோஷம் வரவில்லை. தானாகக் கரையும் கட்டிகள் உண்டு, ஆனால் இது அந்த ஜாதி மாதிரி இல்லை. இன்னொரு முறை திசு எடுக்க வேண்டும் என்று சொன்னேன்.

“கரையுதத எதுக்கும்மா வெட்டணும்?” என்றார் ஞானக்கனி.

நியாயமான கேள்வி. என் சட்டம் போட்ட விதியில் அதற்குப் பதில் இல்லை. வற்புறுத்திப் பார்த்தேன், மசியவில்லை. இரண்டு வாரத்தில் மறுபடி வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். வரவில்லை. அவருடைய கேஸ் ஷீட்டை இன்றைக்கு எந்தத் தணிக்கைக் குழுவிடம் கொடுத்தாலும் எனக்குப் பாராட்டுத்தான் கிடைக்கும். கேட்க வேண்டியது கேட்கப்பட்டிருக்கிறது, எடுக்க வேண்டியது எடுக்கப்பட்டிருக்கிறது, மறுத்தது பதிவாகியிருக்கிறது. குறையே இல்லாத ஆவணம்.

அடுத்த மாதம் தொழுநோய்க் கணக்கெடுப்புக்காகப் பசுவந்தனைப் பக்கம் போனோம். வேலை முடிந்ததும் ஜீப்பை அவர் ஊருக்கு விடச் சொன்னேன். கால் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

சாயங்கால டீ நேரம். மெஷின்கள் நின்றிருந்தன. பெண்கள் ஒரு கையில் வடையும் மறு கையில் டீயுமாக வரிசையில் நின்றார்கள். வரிசையின் முனையில் ஒரு பெரியவர் ரெக்சின் பையைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொருத்திக்காக ஊசி போட்டுக்கொண்டிருந்தார். எங்கேயோ கம்பவுண்டராக இருந்து ஓய்வுபெற்றவராம். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றார்கள்.

“என்ன இது?” என்றேன்.

“ஊசி, டாக்டரம்மா” என்றாள் முத்துச்செல்வி, நான் ஏதோ டீயைப் பார்த்து இது என்ன என்று கேட்டதுபோல.

“என்ன ஊசி?”

“சீசன் ஊசி.”

விசாரித்தேன். தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பு துணிக்கட்டு வரத் தொடங்கியதும் சீசன். எழுந்திருக்காமல் உட்கார்ந்து தைப்பதால் கால் வீங்கும், இடுப்பு விட்டுப்போகும். அதற்காகக் கட்டு இறங்கும் அன்றைக்கு ஒரு ஊசி, பிறகு சில வாரங்களுக்கு ஒருமுறை. டீ, வடை, சனிக்கிழமை பிரியாணியோடு இதுவும் யூனிட் செலவு. ஊசி போடாத முதலாளிக்கு ஆள் கிடைக்காது என்பதால், ஞானக்கனிதான் வருஷா வருஷம் அண்ணாச்சியை வரவழைப்பவர். வரிசையில் முதல் ஆளாக நின்று போட்டுக்கொள்பவரும் அவர்தான்.

“மருந்து எதுவும் எடுக்கலைன்னு சொன்னீங்களே?” என்று அவரைக் கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது.

அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. “இது எப்படி மருந்தாகும்? மருந்துன்னா சீக்குக்காரங்க திங்குதது. நாங்க என்ன சீக்காவா கெடக்கோம்? வேலைக்கு வந்த எல்லாருமுல்லா போடுதோம்.”

பையிலிருந்து காலிக் குப்பியை எடுத்துப் பொடி எழுத்தைப் படித்தேன். ஸ்டீராய்டு. உடம்பில் நாள்கணக்கில் தங்கி வேலை செய்யும் வகை.

அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்துவிட்டு, “காலு வலிக்குக் கேக்குத மருந்துதானம்மா? இத்தன வருசமா போடுதேன். ஒருத்தர் குத்தம் சொன்னதில்ல” என்றார்.

“குத்தம் சொல்ல விடாம வச்சிருக்கறதுதான் அண்ணாச்சி இதோட வேலையே” என்றேன். அவருக்கு அது பாராட்டா திட்டா என்று தெரியவில்லை.

ஞானக்கனியிடம் திரும்பினேன். “என்கிட்ட வந்த சமயத்துல போட்டிருந்தீங்களா?”

“அந்த வாரந்தான் கட்டு வந்து எறங்குச்சு. ஊசியப் போட்டு, காலு வீக்கம் வத்துன பொறவுதான் கோவில்பட்டிக்கு பஸ்ஸே ஏறுனோம். அவ்வளவு தூரம் உக்காந்து வரணுமுல்லா?”

இதில் யாரைக் குற்றம் சொல்வீர்கள்? நான் கேட்ட கேள்வி சரி. அவர் சொன்ன பதில் சரி. எல்லோருக்கும் ஒன்றாகப் போடப்படுவது, டீயோடு வருவது, நோய் இல்லாதபோது போடுவது எதுவும் அவர்கள் மனதில் மருந்துப் பட்டியலில் சேராது. நம் விதி நோயாளிக்கு மருந்து என்றால் என்ன என்று தெரியும் என்று நம்பி எழுதப்பட்டது. அன்றிலிருந்து ஓய்வுபெறும் வரை நான் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. “கொஞ்ச காலத்துக்குள்ள உங்க உடம்புல யாரெல்லாம் கை வச்சாங்க?” என்று கேட்பேன். பதிலில் ஊசிக்காரர் வருவார், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுபவர் வருவார், பொடி விற்கும் பஸ் ஸ்டாண்டு ஆசாமி வருவார், ஒரு தடவை மாமியாரும் வந்தார். நீங்களும் அப்படிக் கேட்டுப் பாருங்கள்.

அன்று அவரைத் துணி வெட்டும் அறைக்குள் தனியாக அழைத்துப் போய்க் காலைப் பார்த்தேன். கட்டிகள் இருந்த இடத்தில் நீலமாகக் கறைதான் மிச்சம். இதில் திசு எடுத்துப் பயனில்லை. ஊசியை நிறுத்தி, கட்டி மறுபடி தலைதூக்கியதும் அன்றைக்கே வர வேண்டும் என்றேன்.

“தீபாவளி முடிஞ்ச மறுநா வாரேன்.”

“அதுவரைக்கும் பொறுக்காது.”

“அப்ப என்ன சீக்குன்னு சொல்லுங்க. நான் முடிவு பண்ணுதேன்.”

இந்த இடத்தில்தான் நான் இன்றைக்கும் நின்றுகொண்டிருக்கிறேன். நிரூபணமாகாத நோயின் பெயரை நோயாளியிடம் சொல்லக்கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. ஊர்ப்பக்கம் அந்தப் பெயரைச் சொன்னாலே பாதி உயிர் போய்விடும் என்பதால் நல்ல விதி. முடிவெடுக்கத் தேவையான அனைத்தையும் நோயாளியிடம் சொல்ல வேண்டும் என்று இன்னொரு விதி இருக்கிறது. அதுவும் நல்ல விதி. இரண்டும் ஒரே புத்தகத்தில் வேறு வேறு அத்தியாயங்களில் வசிப்பவை, ஒன்றையொன்று சந்தித்ததில்லை.

“நிணநீர்ல வர்ற ஒரு சீக்கா இருக்கலாம்னு சந்தேகம்” என்றேன்.

“சந்தேகமா?” அவர் சிரித்தார். “சந்தேகத்துக்கெல்லாம் மெஷின நிறுத்துனா இந்த ஊர்ல ஒரு பாவாட தைக்க முடியாது. தீபாவளி எங்களுக்குப் பண்டிக இல்ல டாக்டரம்மா, படியளக்குத மாசம். நான் எந்திரிச்சிட்டா இவளுகளும் வேற யூனிட்டுக்குப் போயிருவாளுக. பொறவு பொங்கலுக்கு எவன் எனக்குக் கட்டு அனுப்புவான்?”

“ஊசியாவது வேண்டாம்.”

“போட மாட்டேன். அது வாக்கு.”

அந்த வாக்கை அவர் காப்பாற்றினார். ஊசி இல்லாமல் கால் வீங்க வீங்க உட்கார்ந்து தைத்தார். கட்டிகள் திரும்பி வந்தன. முத்துச்செல்வி இரண்டொரு முறை எனக்கு போன் செய்தாள். “வரச் சொன்னா கேக்க மாட்டேங்காவ. பாவாடைய இழுத்து விட்டு மறச்சுக்கிடுதாவ.” நானே பேசினேன். பின்னால் மெஷின் சத்தம் அடைமழை மாதிரிக் கேட்டது. “வாரேன்னு சொன்னேன்லா? வாரேன்” என்றார்.

புற்றுநோய் என்று பச்சையாகச் சொல்லியிருந்தால் மெஷினை விட்டு எழுந்திருப்பாரா? அவரை அறிந்தவரையில், எழுந்திருக்கவும் கூடும், வந்த துணிக்கட்டுகளை எல்லாம் தைத்து முடித்துவிட்டுச் சாகிறேன் என்று சொல்லியிருக்கவும் கூடும். எனக்குத் தெரியாது. தெரியாமல் போனதுதான் வருத்தம். முடிவெடுக்கும் உரிமை அவருடையது. எடை போடுவதற்குப் படிக்கல்லைக் கொடுக்காமல் தராசை மட்டும் அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

தீபாவளிக்கு மறுநாள் சொன்னபடியே வந்தார். ஐப்பசி மழையில் அவர்கள் ஊர்ச் சாலைக்கு பஸ் வரவில்லை. கணுக்கால் வரை கரிசல் மண் அப்பியிருந்தது. முத்துச்செல்வி குழாயடியில் காலைக் கழுவிவிட்ட பிறகுதான் பார்த்தேன். கெண்டைக்கால் கட்டி ஒன்று வெடித்துப் புண்ணாகியிருந்தது. தொடையில் நான்கைந்து, வயிற்றில் இரண்டு, கவட்டில் நெறி கட்டி முட்டை அளவு.

“கட்டெல்லாம் அனுப்பிட்டேன். இப்ப எங்க வேணாலும் வெட்டிக்கிடுங்க” என்றார்.

இந்த முறை திசு நன்றாகக் கிடைத்தது. முதல் பார்வையிலேயே தீவிரமான நிணநீர்ப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். அன்றே அதை அவரிடம் சொன்னேன். ஆனால் எந்த வகை என்று பிரித்துச் சொல்ல விசேஷச் சாயங்கள் வேண்டும். அதற்காக மாதிரி தொலைவில் உள்ள ஓர் ஆய்வகத்துக்குப் போனது. மதுரையில் எனக்குத் தெரிந்த புற்றுநோய் மருத்துவர், “வகை தெரியாம நான் மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. முக்கியமான ஊசிமருந்து ஒரு வகைக்கு மட்டும்தான் கேட்கும். அதுவரைக்கும் ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பிங்க” என்றார்.

திசு எடுத்தாகிவிட்டது. விதியின் தடை நீங்கிவிட்டது. அண்ணாச்சியின் பையில் இருந்த அதே குடும்பத்து மருந்தை, இப்போது முறைப்படி, என் கையால் கொடுத்தேன்.

ஒரு வாரத்தில் கட்டிகள் கரையத் தொடங்கின. முத்துச்செல்வி புறநோயாளிகள் பிரிவில் எல்லோருக்கும் கேட்கும்படி அழுதாள். “கரைஞ்சிட்டு டாக்டரம்மா! கர்த்தர் கண்ணத் தொறந்துட்டாரு!” பக்கத்தில் நின்ற நர்சுக்கும் கண் கலங்கிவிட்டது.

ஞானக்கனி மட்டும் சிரிக்கவில்லை. “ஏட்டி மூதி, கூப்பாடு போடாத. இதத்தான ஊசியிலயும் பாத்தோம்?” என்றவர் என்னைப் பார்த்தார். “அப்படித்தானம்மா?”

“அப்படித்தான்” என்றேன்.

அத்தனை வருஷம் என் நாற்காலிக்குப் பின்னால் தொங்கிய விதியை அந்த அறையில் முழுதாகப் புரிந்துகொண்டவர் அவர். ஊருக்குப் போனதும் அண்ணாச்சியைக் கூப்பிட்டு, “இனிமே நம்ம வடையோட நிறுத்திக்கிடுவோம்” என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

அடுத்த தீபாவளிக்குத் துணிக்கட்டு வந்து இறங்கியபோது ஞானக்கனி உயிரோடு இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை மூடி வைத்திருந்து உங்களைத் திடுக்கிட வைப்பது எனக்குப் பிடிக்காது. நோயாளிகளிடமும் அதைச் செய்யாதீர்கள்.

பதிலுக்குக் காத்திருந்த நாட்களில் என் நடைமுறை அறிவு முழுவதும் வேலைக்கு வந்தது. நினைவூட்டல் அனுப்பினேன், நினைவூட்டலுக்கு நினைவூட்டல் அனுப்பினேன். மாதிரி வந்து சேரவில்லை என்றார்கள். சேர்ந்துவிட்டது, ஆனால் வேறு பிரிவில் இருக்கிறது என்றார்கள். ஒரு சாயம் தீர்ந்துவிட்டது, வரவழைக்கிறோம் என்றார்கள். ஒவ்வொரு முறையும் மிக மரியாதையாகப் பேசினார்கள். மரியாதையில் நான் ஒரு குறையும் சொல்ல முடியாது.

மாத்திரை கொடுத்த தெம்பில் ஞானக்கனி மறுபடி மெஷினில் உட்கார்ந்துவிட்டார். கிறிஸ்துமஸ் வேலை, சிறுபிள்ளைகளுக்கான வெள்ளைக் கவுன்கள். வாரம் ஒருமுறை போன் வரும்.

“பதில் வந்துட்டா?”

“இன்னும் இல்லம்மா.”

“நாங்க ஒரு நைட்டிக்குக்கூட சைஸ் ஒட்டாம அனுப்ப மாட்டோம். எனக்கு வந்ததுக்குப் பேரு வைக்க உங்காளுகளுக்கு இத்தன நாளா?”

கார்த்திகை பாதியில், மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும்போதே, கட்டிகள் திரும்ப வந்தன. மார்பில், முதுகில், தலைமயிருக்குள். மாத்திரைக்கு அவை பழகிவிட்டன. பெடல் மிதிக்க முடியாமல், மெஷினை முத்துச்செல்வியிடம் கொடுத்துவிட்டு, ஒரு நாற்காலியில் உட்கார்ந்து தைத்த கவுன்களில் பிசிறு வெட்டினார். மதுரைக்காரர் தினமும் என்னைக் கேட்டார், நான் தினமும் ஆய்வகத்தைக் கேட்டேன்.

பதில் மின்னஞ்சலில் வந்தது. போனில் சொல்ல மனமில்லாமல் காரை எடுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் மக்காச்சோளம் கதிர் பிடித்து நின்றது. நான் வாசலில் நுழைந்ததைப் பார்த்ததும் முத்துச்செல்வி மெஷினை நிறுத்தினாள். ஒவ்வொன்றாக மற்ற மெஷின்களும் நின்றன.

“வந்துட்டா?” என்றார் ஞானக்கனி.

“வந்துட்டு.”

“எல்லாரும் கேக்கும்படியா வாசிங்க. இவளுககிட்ட மறைக்க என்ன இருக்கு?”

வாசித்தேன். முதலில் அதில் இருந்தபடி, பிறகு தமிழில்: பெரிய செல் நிணநீர்ப் புற்றுநோய், பி வகை, தோலில் தொடங்கியது, அதிலும் கால் வகை.

“காலு பேரும் அதுல இருக்கா?”

“இருக்கு.”

“போட்டும். மெதிச்ச மெதிக்கு அதுக்காவது ஒரு பேரு கெடச்சுது.” சிலர் சிரித்தார்கள், ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் கத்திரிக்கோலை மடியில் வைத்தார். “ஒண்ணு கேக்கேன். ஆவணியில உங்ககிட்ட வந்தப்பயே இது தெரிஞ்சிருந்தா?”

இந்தக் கேள்விக்கு நம்மிடம் வழக்கமான பதில்கள் நிறைய இருக்கின்றன. சொல்வதற்கில்லை, ஒவ்வொரு உடம்பும் வேறு, கடவுள் சித்தம். எல்லாவற்றையும் நான் நோயாளிகளிடம் சொல்லியிருக்கிறேன்.

“அப்ப கால்ல மட்டும்தான் இருந்தது. இப்ப இருக்கறதை விட வாய்ப்பு ரொம்ப நல்லா இருந்திருக்கும்” என்றேன்.

“ம்” என்றார். மடியில் கிடந்த நூல் பிசிறைத் தட்டிவிட்டார். “இப்ப?”

“இப்ப கஷ்டம். ஆனா வைத்தியம் இருக்கு. மதுரையில கட்டில் தயாரா வச்சிருக்காங்க.”

“ஊசியா?”

“ஊசிதான். நரம்பு வழியா.”

“இதாவது மருந்துதான?”

“இது மருந்துதான்.”

“சரி.” கையை ஊன்றி எழுந்தார். “ஏட்டி முத்து, அந்தக் கவுனுக்கு பட்டன் வைக்காம கெடக்கு பாரு, ஞாயித்துக்கெழமைக்குள்ள குடுக்கணும். எனக்கு ரெண்டு சேலைய எடுத்து வை. காலைல மொத பஸ்ஸுக்கே போயிருவோம்.”

காலை பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லி அப்போதே காரில் ஏற்றிக்கொண்டேன். ஆவணியில் நான் கேட்டு அனுப்பிய கேள்விக்குப் பதில் வந்த அந்த நாள், மார்கழி முதல் வெள்ளிக்கிழமை.